முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இதய சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல ஹார்ட் டாக்டர் யாரு?" என்பது. அடுத்த கேள்வி, "காப்பீட்டு அட்டை செல்லுமா?" இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பலர் நாள்களையும் பணத்தையும் இழக்கிறார்கள். அட்டையோடு நோயாளிகளை அழைத்துப் போகும் குடும்பங்களுக்குத் துணையாக நின்று தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியது. 2012 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இதற்கு முன்னோடி. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அந்த 5 லட்சம் ஒருவருக்கானது அல்ல, குடும்பத்தில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து.

இப்போதே நெஞ்சு வலிக்கிறது. அட்டை எடுக்கும் ஆஸ்பத்திரியை எப்படித் தேடுவது?

தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. நடுநெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் அட்டையைத் தேடி பீரோவைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் களைப்புமாகக்கூட மாரடைப்பு வரும். "வாயுப் பிடிப்புதான்" என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் அங்கே போகலாம். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கிறார்கள். குழாய் விட்டு இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவைச் செய்கிற கேத் லேப் தூரமாக இருந்தால், பக்கத்து அரசு மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்புவதும் சரியான சிகிச்சைதான். வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். "பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்ப்போம்" என்று அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாவட்டம் தாண்டிக் காரில் போகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறும். அந்தப் பயண நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

வலி வந்த நேரத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் தகவல் அதுவாகத்தான் இருக்கும். அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பின்னால் வருகிறவர் எடுத்து வரட்டும்.

சரி, அவசரம் இல்லை. காப்பீடு எடுக்கும் நல்ல இதய மருத்துவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவரைத் தேடாமல் மருத்துவமனையைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் திட்டம் எந்த மருத்துவரோடும் ஒப்பந்தம் போடவில்லை, மருத்துவமனையோடுதான் போட்டிருக்கிறது. அதுவும் மொத்த மருத்துவமனைக்கும் இல்லை, பிரிவு வாரியாக. எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு இதயப் பிரிவில் அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். வாசலில் "முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இங்கு ஏற்கப்படும்" என்று போர்டு தொங்குவதை மட்டும் நம்பிப் போய், ஆஞ்சியோ முடிந்த பிறகு "ஹார்ட்டுக்கு எங்களுக்கு இல்லீங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

ஒரே மருத்துவர் மூன்று மருத்துவமனைகளுக்குப் போவார். அதில் ஒன்றில் மட்டும் அட்டை செல்லும். மாலையில் அவர் வீட்டோடு வைத்திருக்கும் கிளினிக்கில் செல்லவே செல்லாது, ஏனென்றால் இது உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கான திட்டம். ஓ.பி. கட்டணம், மாதாமாதம் வாங்கும் மாத்திரை, சும்மா ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றுக்கு அட்டையைக் காட்டிப் பயனில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்த மருத்துவரிடம் போனால் தயங்காமல் கேட்டுவிடுங்கள்: "சார், எங்ககிட்ட காப்பீட்டு அட்டை இருக்கு. நீங்க எந்த ஆஸ்பத்திரியில பண்ணினா இது செல்லும்?" இதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கேட்காமல் விட்டால், அட்டை செல்லாத இடத்துக்கே அவர் எழுதிக் கொடுத்துவிடக்கூடும்.

பட்டியல் எங்கே கிடைக்கும்?

திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக, பிரிவு வாரியாக மருத்துவமனைகளின் பட்டியல் இருக்கிறது. இணையம் பார்க்க வசதி இல்லை என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் மாவட்டத்தையும், 'கார்டியாலஜி' அல்லது 'இதய அறுவை சிகிச்சை' என்று பிரிவையும் சொல்லிக் கேளுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள். பட்டியலில் பெயர்கள் சேர்வதும் நீக்கப்படுவதும் உண்டு என்பதால், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் போன இடம் இந்த வருடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போன் செய்து என்ன கேட்க வேண்டும்?

"அட்டை எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் "எடுப்போம், வாங்க" என்பதுதான் பதிலாக வரும். வரவேற்பில் இருப்பவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரிடம் பேசி முடித்துவிடாமல், காப்பீட்டுப் பிரிவுக்கு இணைப்பு கேளுங்கள். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் காப்பீட்டுக்கென்று ஒரு மேசையும் ஒரு பொறுப்பாளரும் இருப்பார்கள். அவரிடம் இப்படிக் கேட்கலாம்:

"இதயப் பிரிவுக்கு இப்போ அங்கீகாரம் இருக்கா? ஸ்டென்ட் வைக்கிறதுக்கு மட்டுமா, பைபாஸ், வால்வு ஆபரேஷனுக்கும் இருக்கா? ஆஞ்சியோ மட்டும் பண்ணிட்டு ஸ்டென்ட் தேவையில்லைன்னு ஆயிட்டா நாங்க காசு கட்டணுமா? அப்ரூவலுக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்? ஹார்ட் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார்?"

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆஞ்சியோவில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வரை போனால் செலவு திட்டத்தின் தொகுப்புக் கட்டணத்துக்குள் வந்துவிடும், ஆஞ்சியோவோடு நின்றுவிட்டால் யார் தலையில் விழும் என்பது இடத்துக்கு இடம் வேறு மாதிரி சொல்லப்படுகிறது. ஆஞ்சியோ மேசையில் படுத்த பிறகு கேட்கிற கேள்வி அல்ல இது. பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜி.எச்.சுக்குப் போகலாமா? நல்லா பார்ப்பாங்களா?

போகலாம். என் கருத்தில், அட்டை வைத்திருக்கும் குடும்பம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடமே அதுதான். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை, கோவை, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் என்று கேத் லேப் உள்ள அரசு மருத்துவமனைகள் தமிழகம் முழுக்க இருக்கின்றன. சென்னை கிண்டியில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் வந்துவிட்டது. சென்னை, மதுரை போன்ற இடங்களில் இதய மருத்துவத்துக்கான டி.எம். மேற்படிப்பே இந்த மருத்துவமனைகளோடு சேர்ந்த கல்லூரிகளில்தான் நடக்கிறது. ஊரில் மாலை நேரத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து பார்க்கும் பிரபல மருத்துவர், காலையில் ஜி.எச்.சில் பேராசிரியராக இருப்பது சாதாரணம். அதே கைதான், அதே படிப்புதான்.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். காத்திருக்க வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்குவதிலிருந்து எக்கோ (இதய ஸ்கேன்) தேதி கிடைக்கும்வரை அலைச்சல் உண்டு. பைபாஸ், வால்வு அறுவைக்கு வரிசை நீளம். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இதயப் பிரிவின் ஓ.பி. காலையில்தான், சில இடங்களில் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும்தான். முதல் நாள் பொது மருத்துவம் ஓ.பி.யில் காட்டி, அங்கிருந்து இதயப் பிரிவுக்கு எழுதி வாங்குவது வழக்கமான பாதை. கையில் பழைய ஈ.சி.ஜி., எக்கோ இருந்தால் எடுத்துப் போங்கள், ஒரு நடை மிச்சமாகும்.

ஜி.எச்.சில் எல்லாமே இலவசம்தானே, அங்கே அட்டை எதற்கு?

நல்ல கேள்வி, நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் ஓர் அங்கீகார மருத்துவமனைதான். நீங்கள் அட்டையைக் கொடுத்தால் உங்கள் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு வந்து சேரும். ஸ்டென்ட், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், செயற்கை வால்வு மாதிரி விலை உயர்ந்த பொருள்களை வாங்கவும், வார்டைச் சீர் செய்யவும் அந்தப் பணம் உதவுகிறது. ஆகவே "இலவசம்தானே" என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதே சமயம், அட்டை இல்லை என்பதற்காக அங்கே யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.

இதயத்துக்கு என்னென்ன சிகிச்சை இதில் வரும்?

திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் உள்ளன. இதயத்தில் ஸ்டென்ட், பைபாஸ், வால்வு மாற்று அறுவை, சுருங்கிய வால்வைப் பலூனால் விரிப்பது, பேஸ்மேக்கர், பிறவியிலேயே இதயத்தில் உள்ள ஓட்டையை அடைப்பது என்று முக்கியமானவை எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுப்புக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, சோதனை, உணவு, உள்ளே வைக்கும் கருவி எல்லாம் சேர்ந்தது அது. பொது வார்டுக்கான கணக்கு. ஏசி அறை கேட்டால் இந்தக் கணக்குக்கு வெளியே போய்விடுவீர்கள்.

எந்த வகை ஸ்டென்ட், எத்தனை, பேஸ்மேக்கர் இதயத்தின் ஓர் அறைக்கானதா (சிங்கிள் சேம்பர்) இரண்டு அறைக்கானதா (டூயல் சேம்பர்) என்பதையெல்லாம் முன் அனுமதிக்கு எழுதும்போதே மருத்துவர் குறிப்பிடுவார். அனுமதி எதற்கு வந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்ரூவலுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

மருத்துவமனையின் காப்பீட்டுப் பொறுப்பாளர்தான் அட்டை, ஆதார், ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ பட அறிக்கை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்புவார். நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். ஆவணங்கள் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடும். அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்க வழி உண்டு. தாமதம் என்று சொன்னால், "என்ன கேள்வி கேட்டுத் திருப்பியிருக்காங்க?" என்று கேளுங்கள். அநேகமாக ஆதாரில் ஒரு எழுத்து, அட்டையில் வேறு எழுத்து, அல்லது எக்கோ அறிக்கையில் தேதி இல்லை என்கிற மாதிரி சின்ன விஷயமாகத்தான் இருக்கும். முருகேசன் என்று ஒன்றிலும் முருகேஷ் என்று இன்னொன்றிலும் இருந்தால் போதும், அங்கேயே நின்றுவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

"காப்பீட்டு ஸ்டென்ட் அவ்வளவு நல்லா இருக்காது, கூட அம்பதாயிரம் கட்டுங்க, நல்லதா வைக்கிறோம்" என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். இந்தப் பேச்சு வரும் நேரத்தைக் கவனியுங்கள். நோயாளி உள்ளே மேசையில் இருப்பார், வெளியே மனைவியோ மகனோ கையெழுத்துக்காக நிற்பார்கள். அந்த நேரத்தில் "நல்லது வேண்டாமா?" என்று கேட்டால் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்? தாலியைக் கழற்றிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை பார்க்கும் ஒரு குடும்பம் இப்படி வட்டிக்கு வாங்கிக் கட்டியது. ரசீது தரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தால், காப்பீட்டு அனுமதியில் இருந்த அதே ஸ்டென்ட்தான் வைக்கப்பட்டிருந்தது.

ஸ்டென்ட் விலைக்கு அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதா உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று விலையை இறக்கியது. அதற்குப் பிறகு விலை திருத்தப்பட்டு வந்தாலும், அதற்கு முன் இருந்த ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கதை இன்று இல்லை.

கேட்டால் அமைதியாக இரண்டு விஷயம் சொல்லுங்கள்: "எழுதிக் கொடுங்க, ரசீது குடுங்க." அதோடு பாதிப் பேர் நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தவில்லை என்றால் அங்கேயே நின்றபடி 1800 425 3993-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென்று குறைதீர்க்கும் குழு இருக்கிறது, அங்கேயும் மனுக் கொடுக்கலாம். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றாலும் புகார் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது "எந்தப் பணமும் வாங்கப்படவில்லை" என்கிற மாதிரி தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கட்டியிருந்தால் அந்தத் தொகையைத் தாளிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

எங்களிடம் அட்டையே இல்லை. இப்போது எடுக்க முடியுமா?

முடியும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது. அப்போது கிடைக்காது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போனால் படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவர் அட்டையிலும் வரமாட்டார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், மகன் வீட்டுக்கு வந்துவிட்ட தாய், இவர்களின் பெயர்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் திட்டம் உண்டு, அவர்களுக்கு வருமான உச்சவரம்பும் கிடையாது. முகாமில் இருக்கிற சொந்தங்களுக்குச் சொல்லுங்கள், இன்னமும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

அட்டை தொலைந்துபோனால் பதற வேண்டாம். ரேஷன் கார்டு எண்ணை வைத்து இணையதளத்திலிருந்தே மின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இந்த அட்டையும் வேண்டுமா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வரும். ஈ.எஸ்.ஐ.யில் ஒரு பெரிய வசதி, ஓ.பி. பார்ப்பதும் மாத்திரையும்கூட அதில் சேர்ந்தது. உங்கள் டிஸ்பென்சரியில் காட்டி, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட், பைபாஸ் வரை செய்துகொள்ளலாம். அந்தக் கடிதம் இல்லாமல் நேரே போய்ப் படுத்துவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனிக் காப்பீடு இருக்கிறது, மருத்துவமனைப் பட்டியலும் வேறு. இந்த மூன்று பட்டியல்களையும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். பெரியவர்களைப் பார்க்கும் இதய மருத்துவர் போதுமா?

போதாது. குழந்தை இதய மருத்துவம் தனித் துறை. பட்டியலில் 'இதயம்' என்று போட்டிருந்தாலும், குழந்தைகளுக்குச் செய்கிறார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து சோதிக்கும் மருத்துவக் குழுக்கள் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தின் கீழ் வருகிறவர்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் மாவட்டத்தில் குழந்தைகளுக்கென்று உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம் வழியாகச் சரியான மருத்துவமனைக்கே அனுப்பிவைப்பார்கள். ஓட்டை என்றவுடன் அறுவைதான் என்று பயப்பட வேண்டாம். சின்ன ஓட்டைகளில் பல தாமாக மூடிக்கொள்ளும், சிலவற்றைத் தொடை வழியாகக் குழாய் விட்டே அடைத்துவிடுவார்கள். ஆனால் பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, எடை ஏறாதது, உதடு நீலமாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

மருத்துவர் உண்மையிலேயே இதய நிபுணர்தானா என்று எப்படித் தெரியும்?

பெயருக்குப் பின்னால் டி.எம். கார்டியாலஜி அல்லது டி.என்.பி. கார்டியாலஜி இருக்கிறதா பாருங்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இவர்கள் வேலை. பைபாஸ், வால்வு அறுவைக்கு எம்.சிஎச். படித்த இதய அறுவை நிபுணர் வேண்டும். எம்.டி. பொது மருத்துவம் படித்தவர்களும் ரத்த அழுத்தம், கொழுப்பு, சாதாரண நெஞ்சு வலியை மிக நன்றாகப் பார்ப்பார்கள். தொடர் கவனிப்புக்கு அவர்களே போதும்.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இனி மாத்திரைக்கு என்ன வழி?

டிஸ்சார்ஜ் ஆகும்போது சில நாள்களுக்கான மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அது தீர்ந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் பொதுவாக ஒரு வருடம் வரை இரண்டு வகை ரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். காசில்லை என்று பத்து நாள் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். பல் பிடுங்கப் போனால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அதில் உள்ள மாத்திரைகள் பெரும்பாலும் அங்கே இலவசமாகக் கிடைக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகின்றன. வெளியே வாங்குவதாக இருந்தால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

உலோக வால்வு வைத்தவர்கள் கதை வேறு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க. அளவு சரியா என்று பார்க்க பி.டி. ஐ.என்.ஆர். ரத்தச் சோதனையையும் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டும். அட்டை அறுவைக்குச் செல்லும், இந்தச் சோதனைக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகவே அறுவைக்கு முன்பே, வீட்டுக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை செய்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் உள்ள பெண்ணுக்கு வால்வு என்றால், உலோக வால்வா திசு வால்வா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். உலோக வால்வுக்காகச் சாப்பிடும் அந்த ரத்தம் உறையாத மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது.

பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இன்னொரு இடத்தில் காட்டலாமா? அட்டை பாழாகிவிடுமா?

தாராளமாகக் காட்டலாம். சிகிச்சைக்கு அனுமதி வாங்கிச் செய்து முடித்தால்தான் உங்கள் 5 லட்சத்தில் கழியும், கருத்துக் கேட்பதால் எதுவும் கழியாது. ஒரு இடத்தில் அனுமதி கேட்டு அனுப்பியிருந்தால் மட்டும், வேறு இடத்தில் சேர்வதற்கு முன் அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிய இடத்தில் கணினி தடுக்கும்.

ஆஞ்சியோ சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். வெறும் அறிக்கைத் தாளை வைத்து எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார், படம் ஓடுவதைப் பார்த்தால்தான் தெரியும். "தர மாட்டோம்" என்றால் விடாதீர்கள், அது உங்கள் உரிமை. அந்தச் சி.டி., எக்கோ, ரத்தச் சோதனை முடிவுகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதயப் பிரிவின் காலை ஓ.பி.க்குப் போனால், அங்கே மூத்த மருத்துவர் பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது. நெஞ்சு வலி கூடிக்கொண்டே வருகிறது, ஓய்வில் இருக்கும்போதும் வலிக்கிறது என்றால் மட்டும் இந்த அலைச்சல் வேண்டாம், இருக்கிற இடத்திலேயே சேர்ந்துவிடுங்கள்.